என் மூக்கைச் சாக்கு வைக்காதே

எய்யா,

நீ நினைத்துக்கொண்டிருப்பதுபோல நான் புரோத்ராபூரில் உன் சித்தி வீட்டில் இல்லை. மாயாபந்தர் போகிற போட்டில், யாரோ ஒருவருடைய வெங்காய மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எவர்சில்வர் தாம்பாளத்தை மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கடலின் குற்றம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவரைப் போய்க் குடையாதே. பாவம், உன்னிடம் பொய் சொல்லவும் தெரியாது, என்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் ஜெட்டியில் என்னை ஏற்றிவிடும்போதுகூட, "ஏட்டி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, எறங்கிரு" என்றுதான் சொன்னார். நான் இறங்கவில்லை. ஆனால் போட் கிளம்பியதிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கிறேன், வந்து உட்காருகிறேன், இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடி எழுந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற தெலுங்குக்காரம்மா எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். குமட்டல் இல்லை, என் பிள்ளையைப் பற்றிய கவலை என்று அவளுக்கு எந்தப் பாஷையில் சொல்வது? வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "கமலாவ விட்டுரலாம்மா" என்றாய். நீ மாயாபந்தர் ஆபீசில் இருந்த அந்த ஒரு வருஷத்தில் பார்த்துப் பழகி, உன் வாயாலேயே என்னிடம் வந்து சொன்ன பெண். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றாய். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் என்றாய். எப்போது போய்ப் பெண் கேட்கலாம் என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் விடவேண்டும் என்று கேட்டதற்கு, "அவ வீடு பூரா பூனைம்மா. கல்யாணம் ஆனாலும் அதுகள விட்டுட்டு வரமாட்டா. ஒனக்குப் பூனை ஆகாது. மூச்சு எளைக்கும். மாசக் கடைசில எழுதிப் போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாய். அம்மாவுக்காக ஒரு பெண்ணையே வேண்டாம் என்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாத்திரம் விளக்கும்போது ஒரே சட்டியை இரண்டு தடவை தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒன்றை நீ எனக்காக விட்டுக்கொடுப்பது இது முதல்முறை இல்லை. உனக்கு டைகரை ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கமாட்டேன். இருக்கும்.

நாங்கள் பத்துபஸ்தி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது நீ கைக்குழந்தை. வாசலில் வரிசையாகச் சவுக்கு மரங்கள். திருநெல்வேலிப் பக்கத்து வெயிலில் வளர்ந்த எனக்கு இந்த ஊர் மழையும் ஈரமும் பச்சையும் முதலில் கோயில் பிரகாரத்துக்குள் வந்ததுபோல இருந்தது. அடுத்த வருஷமே தும்மல் பிடித்தது. காலையில் எழுந்தால் பத்து, பன்னிரண்டு என்று வரிசையாகத் தும்முவேன். பக்கத்து வீட்டு மலையாளி டீச்சர் அதைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பாள். பிறகு கண் அரிப்பு, பிறகு இளைப்பு. "மூக்கு உள்ள மட்டும் சளி" என்று சொல்லி அப்பா சிரிப்பார். எனக்கு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த நீ ஜெட்டியிலிருந்து ஒரு சொறி நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். காலை இழுத்துக்கொண்டு நடக்கும் குட்டி. அதற்குப் போய் டைகர் என்று பெயர் வைத்தது உனக்கே சிரிப்பாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது சாலை முனைவரை வந்து நிற்கும். நீ அதோடு ஹிந்தியில் பேசுவாய், என்னோடு தமிழில் பேசுவாய்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது லீவில் ஊருக்குப் போனோம். மெயின்லாண்ட் போகிற எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்தோம். கோழியை டீச்சர் வீட்டில் விட்டோம், துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொன்னோம், டைகரைத் தினமும் பால் கொண்டுவரும் வங்காளியிடம் ஒப்படைத்தோம். வந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஊரில் இரண்டு மாதம் இருந்தோம். ஒரு தும்மல் இல்லை. என் அம்மா வீட்டுத் திண்டுக்கல் பூட்டுப்போல அடைத்துக் கிடந்த மூக்கு திறந்துகொண்டது. கருவாட்டு வாசனையும் மல்லிகை வாசனையும் தனித்தனியாகத் தெரிந்தன. இங்கே இல்லாமல் அங்கே என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அங்கே இல்லாமல் இங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நாய் என்று முடிவு கட்டினேன், தும்மல் நாய்க்கு முன்பே வந்தது என்பதை மறந்து. நாய் முடிதான் என்று உன் மாமாவும் சொன்னார். அவருக்கு எதைப் பற்றியும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். கப்பலிலிருந்து இறங்கியதும் நீ பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பால்காரர் வீட்டுக்கு ஓடப் பார்த்தாய். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தி, "வேண்டாம்யா, அம்மாக்கு மூச்சு முட்டும், அது அங்கயே இருக்கட்டும்" என்றேன். நீ அழுது புரண்டிருந்தால் நான் மனசு மாறியிருப்பேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றாய். அவ்வளவுதான். போன வாரம் மோர் ஊற்றிக்கொண்டு சொன்னாயே, அதே குரல்.

டைகர் போன அந்த மாசியில் எனக்கு முன்னைவிட மோசமாக இளைத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குள் பால்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாயைத் தங்கள் பாயில் போட்டுத் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள், கேட்க எனக்கு முகம் இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தும்மல் அடங்கும், ஆனால் உலை கொதிக்கும்போதே கண்ணைச் சொருகும். சோறு குழைந்த நாட்களெல்லாம் மாத்திரை நாட்கள். அப்படியே வருஷங்கள் ஓடி, நீ மெட்ராஸுக்குப் படிக்கப் போனாய். பிறகு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. அம்மா ஏதோ ஊசி போட்டுக்கொண்டாள், சரியாகிவிட்டது என்றுதான் உனக்குத் தெரியும். ஊசிதான், ஆனால் மருந்து இல்லாத ஊசி.

அபர்தீன் பஜாருக்குப் பின்னால் ஒரு வங்காளி டாக்டர் இருந்தார். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்தவர். எல்லோரும் டாக்டர் பாபு என்பார்கள். முன்னால் ஹோமியோபதி சீசாக்கள், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் சீன ஊசி வைத்தியம். கல்கத்தாவில், சீனாவுக்குப் போய்க் கற்றுவந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டாராம். முதலில் போர்டில் சீனா என்றே எழுதியிருந்ததாகவும், சீனச் சண்டை வந்தபோது யாரோ சாணி அடித்ததால் அந்த வார்த்தையை மட்டும் பெயிண்டால் மறைத்துவிட்டதாகவும் டீச்சர் சொன்னாள். அவளுடைய மாமியாருக்கு முழங்கால் வலி அங்கே போய்த்தான் குறைந்ததாம். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? இது நேவி இருக்க ஊரு. ஓவர்சியர் சம்சாரம் சீனாக்காரன்கிட்ட போறான்னு எவனாவது எழுதிப்போட்டா என் வேலை என்னாகும்?" என்றார். அவர் வங்காளி என்றேன். "ஊசி சீனா ஊசிதான?" என்றார். அந்த ஒரு பெயருக்குப் பயந்து இரண்டு வருஷம் நான் விசிலடித்தேன். கடைசியில் ஒரு பங்குனி மத்தியானம், கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வர முடியாமல் வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஊசி போட்டு மூச்சைத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "அந்தச் சீனாக்காரன் எங்க இருக்கான்னு சொன்ன?" என்று கேட்டார்.

டாக்டர் பாபு பெரிய ஞானி என்று நினைத்துவிடாதே. வாய் ஓயாமல் பேசுவார். பாதி பேச்சு மீன் விலை. ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டே பீடி பிடிப்பார். ஆனால் கை மட்டும் சுத்தம். முதல் நாள் இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் ஒவ்வொன்று, முழங்காலுக்குக் கீழே ஒவ்வொன்று, மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அப்புறம் அந்த இடம் கனக்கும். அடுத்து, "மா, பிந்தி ஹடாவோ" என்று என் பொட்டைக் காட்டினார். புருவத்துக்கு நடுவில் ஒன்று வைக்க வேண்டுமாம். சீனாவுக்குக்கூட ஒத்துக்கொண்ட அப்பா அங்கேதான் கொதித்தார். "நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன், என் முன்னால பொட்ட அழிக்கச் சொல்லுதானே!" டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை, கோபம் புரிந்தது. பொட்டுக்கு மேலே ஒரு நூலளவு தள்ளி வைத்தார். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் ஊசிகள் ஆட நான் தும்ம, அப்பா "முருகா" என்று கண்ணை மூட, டாக்டர் பாபு பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். மூச்சுக்கு மருந்து அந்தச் சிரிப்பா ஊசியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது பஜாரில் பொரிக்கிற பஜ்ஜி வாசனை தெரிந்தது.

வாரா வாரம் போனேன். உடனே எல்லாம் நின்றுவிட்டது என்று சொல்ல நான் என்ன மூலிகை விற்கிறவளா? சில வாரம் நன்றாக இருக்கும், சில வாரம் அதே விசில். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "அதையும் பையிலே வைத்துக்கொள், ஊசி பலம் தரும், மூச்சு அடைக்கும்போது ஓடவேண்டியது ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார் அவருடைய ஹிந்தியில். கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரை குறைந்தது. ஒருநாள் அப்பாவின் இடுப்பு வலியைப் பார்க்க அவரே வீட்டுக்கு வந்தார். வந்தவர் கொல்லையில் பீடி பற்றவைக்கலாம் என்று ஒதுங்கி, நான் துணி காயப்போட்டிருந்த கொடிக்கு அடியில் நின்றார். நின்றவர் தும்ம ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, நிறுத்த முடியவில்லை. மேலே பார்த்தார். இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில்தான் எப்போதும் கொடி கட்டுவேன், தெரியுமல்லவா? சவுக்கு பூக்கிற காலம். என் வெளிர்நீலச் சேலை முழுக்கச் செம்மண் நிறத்தில் பூந்தூள். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அரே மா! யே பேட்! நீ இந்த மரத்தையே உடுத்திக்கொண்டு தூங்குகிறாய்" என்று கத்தினார். அவர் மூக்குக்கும் அது ஆகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். ஊரில் சவுக்கு இல்லை, அதனால்தான் அங்கே மூச்சு வந்தது. டைகர் ஒரு பாவமும் அறியாது. அன்றைக்குக் கொடியை அவிழ்த்து வீட்டுக்குள் கட்டிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். நாய்க்காக அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்காகவும்தான் அழுதேன்.

பூனை விஷயம் நீ சொன்னது பொய் இல்லை. அது எனக்கு ஆகாதுதான். டீச்சர் வீட்டுப் பூனை உரசினால் முன்பெல்லாம் கண் பணியாரம் மாதிரி வீங்கிவிடும். ஊசி ஒரு வருஷம் ஓடிய பிறகு டாக்டர் பாபு, போய் அந்தப் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார் என்றார். முதலில் வாசலில், பிறகு கூடத்தில், பிறகு பக்கத்தில். கண் அரித்தது, தும்மினேன், இளைக்கவில்லை. அவ்வளவுதான் இதுவரைக்கும். ஒரு பூனையோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரையும் எடுத்துக்கொண்டு, தாம்பாளத்தில் வைக்க வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் மூக்குத்தான் தடை என்றால் அந்தத் தடையை நானே கொண்டுபோய் அவர்கள் வீட்டில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். இன்னொன்றும் மனதில் அரிக்கிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. லாங் ஐலண்ட் வந்துவிட்டது, வெங்காய மூட்டையை இறக்குகிறார்கள், எனக்குச் சாய இடமில்லை. பிறகு எழுதுகிறேன்.

மாயாபந்தர். வந்து இரண்டாம் நாள். கமலா வீட்டு முன்கட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே தண்ணீர், அக்கரையில் காடு, யானை பிளிறுவதுகூடக் கேட்கிறது. நேற்று ஜெட்டியில் விசாரித்து, படகுக் கொட்டகையில் ஆசாரி வேலை பார்க்கிற அவள் அப்பாவைக் கண்டுபிடித்து, நான் இன்னார் என்று சொன்னதும், அவர் உளியைக் கீழே வைக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டே என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வாசலில் கால் வைத்ததும் பினாயில் வாடை. தரை கண்ணாடியாக இருந்தது. மெத்தை வெயிலில் கிடந்தது. நான் தயாராக முந்தியை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். ஒரு பூனை இல்லை. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். கமலாவின் அம்மா, "பைட்டோ பஹன், பைட்டோ" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குத் தமிழ் ஏழெட்டு வார்த்தைதான். கமலா பேசுவாள். நாலு தலைமுறையாக இங்கேயே இருந்து, பாதி ஹிந்தியில் நனைந்த தமிழ்.

"பூனையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"குடுத்தாச்சும்மா. ஸப். அந்தக் கரேன் காவ்ல, பர்மாக்காரங்க கிராமத்துல, குடுத்தாச்சு" என்றாள்.

"எப்ப?"

"தீபாவளிக்கு முன்னாலயே. அவங்க சொன்னாங்க, அம்மாவுக்கு ஆகாதுன்னு. அதான் குடுத்துட்டேன். டெய்லி பினாயில் போட்டுத் தொடைக்கிறேன். அவங்களுக்குச் சொல்லிட்டேனே, இப்ப வீட்ல ஒரு பூனைகூட இல்லன்னு. அவங்க உங்ககிட்ட சொல்லலியா?"

எய்யா, அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். பினாயில் பட்டுப் பட்டுத் தோல் உரிந்திருந்தது. தீபாவளி முடிந்து எத்தனை நாளாகிறது? இப்போது மாசி. நீ மோரை ஊற்றிக்கொண்டு "வீடு பூரா பூனை" என்று சொன்னது போன வாரம். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. முதலில் உன்மேல் கோபம், அப்புறம் என்மேல், அப்புறம் யார்மேல் என்றே தெரியாமல் ஒரு கோபம். டைகரை அனுப்பியும் என் மூச்சு சரியாகவில்லை. பூனைகளை அனுப்பியும் உன் வாயிலிருந்து ஒரு பதில் வரவில்லை. அப்படியானால் நோய் வேறெங்கோ இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உனக்குக் கூடம் என் மூக்கு.

அவளிடம் நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கு ஒரு பூனை வேணும். இப்பவே போயிக் கொண்டா" என்றேன். அவள் விழித்தாள். அவள் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மெயின்லாண்ட் சம்பந்தி வந்ததும் வராததுமாகப் பூனை கேட்கிறாள் என்று தெரு முழுக்கச் செய்தி போயிருக்க வேண்டும், ஏனென்றால் மத்தியானம் கமலா கூடையோடு திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கூடையில் காது கிழிந்த ஒரு மஞ்சள் பூனை. கிழவி. கூடையிலிருந்து குதித்து, மோந்து மோந்து வீட்டைச் சுற்றி வந்து, பினாயிலைத் திட்டுவதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு, நேராக வந்து என் சேலைத் தலைப்பில் படுத்துக்கொண்டது. வீடே என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் என்னைப் பொண்ணு பார்த்தார்கள். தும்மினேன். ஒருமுறை, இன்னொருமுறை, அப்புறம் நாலைந்து. கண் அரித்தது. கமலா பாய்ந்து வந்து பூனையைத் தூக்கப் பார்த்தாள். "தொடாத, கெடக்கட்டும்" என்றேன். டாக்டர் பாபு சொல்லிக்கொடுத்தபடி கட்டைவிரல் இடுக்கை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு விசிலடிக்குமா என்று எனக்குள்ளேயே காதைக் கொடுத்துக் கேட்டேன். பயமாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். மாத்திரை வைத்த பை எந்த அறையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் அலுத்துப்போய்க் கலைந்தது. விசில் வரவில்லை. சாயங்காலம் ஒரு மாத்திரை போட்டேன், ஒன்றே ஒன்று. பூனை இப்போது பெஞ்சுக்கு அடியில் தூங்குகிறது. காலையில் எழுந்ததும் நாலு தும்மல். அதோடு நான் குடித்தனம் நடத்துவேன்.

இன்று காலை டீ குடிக்கும்போது கமலாவின் அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. "பஹன்ஜி, மறைக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல. என் தாதா, அப்பாவோட அப்பா, கைதியா வந்தவரு. மதுரைப் பக்கம்னு சொல்லுவாங்க. என்ன பண்ணினாரு, யாரை என்ன பண்ணினாரு, நமக்கே தெரியாது. தண்டனை முடிஞ்சு இங்கயே ஜமீன், நிலம் குடுத்தாங்க, ஒரு பொண்ண ஷாதி பண்ணாரு, இருந்துட்டாரு. உங்க லட்கா கிட்டயும் சொன்னேன். அன்னைக்கு சிரிச்சிட்டு, அதுக்கென்னன்னாரு. மெயின்லாண்ட் போயிட்டு வந்தப்புறம்தான் பேச்சு நின்னுபோச்சு" என்றார். அவர் குரலில் வெட்கமும் இல்லை, சண்டையும் இல்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

போட்டில் எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கியது இதைத்தான். போன லீவில் ஊரில், பந்தியில் உன் மாமா கேட்டாரே, "அந்தமான் பொண்ணா? அவ குடும்பம் எப்படிப் போச்சு அங்க, டிக்கெட் எடுத்தா, வெலங்கு போட்டா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீ இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணா, வாயை மூடு என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டேன். நாய் முடி என்று தீர்ப்புச் சொன்ன அதே மாமாதான். அவர் சொன்னார் என்று நான் நாயைத் தொலைத்தேன். அவர் சிரித்தார் என்று நீ இந்தப் பெண்ணைத் தொலைக்கப் பார்க்கிறாய். சீனா என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து நம் வீட்டு ஜன்னலைச் சாத்தினோம், நினைவிருக்கட்டும். அந்த இரண்டு வருஷமும் மூச்சு முட்டியது மாமாவுக்கு இல்லை, எனக்கு. கைதி என்ற சொல்லுக்கு நீ பயந்தால் முட்டப்போவது உனக்கும் இவளுக்கும்தான். மாமா அங்கே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் உன்னைக் கட்டாயப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பயமும் இருக்கிறது. நாளைக்கு, இப்போது மெட்ராஸ் ஹாஸ்டலில் இருக்கிற உன் தங்கைக்கு ஊரில் மாப்பிள்ளை தேடும்போது இதைக் கேட்பார்கள். கேட்கட்டும், அப்போது என்ன சொல்வது என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுந்து நடக்கிறேன், ஜெட்டிவரை போகிறேன், திரும்பி வருகிறேன். கமலா எனக்குப் பின்னாலேயே குடையோடு வருகிறாள். நீ இவளை வேண்டாம் என்று சொல்லலாம். அது உன் வாழ்க்கை. ஆனால் காரணத்தைச் சரியான இடத்தில் வைத்துச் சொல். காரணத்தைத் தப்பான இடத்தில் வைத்தால் ஒன்றுமறியாத ஒரு ஜீவன் வீட்டை விட்டுப் போகும், நோய் அங்கேயே இருக்கும். இது ஒன்றுதான் இத்தனை வருஷத் தும்மலில் நான் படித்த பாடம்.

இந்தக் கடிதத்தைப் போட்டில் டிக்கெட் கிழிக்கிற மலையாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். மாசக் கடைசிவரை காத்திருந்து எழுதிப்போடுகிற வேலை வேண்டாம். அடுத்த போட்டில் நீயே வா. சம்மதம் என்றால் தாம்பாளம் இங்கேதான் இருக்கிறது, வெற்றிலை வாடுவதற்குள் வந்து நீயே எடுத்து வை. இல்லை என்றால் இந்த முன்கட்டில், தோல் உரிந்த கையோடு இவள் உனக்கு டீ கொண்டுவந்து வைப்பாள், அப்போது இவள் முகத்தைப் பார்த்து, எனக்கு என் மாமாவைக் கண்டால் பயம் என்று சொல்லிவிட்டுப் போ. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தும்மினாலும் தும்முவேன். அம்மாவுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவிடாதே, எய்யா. பூனை எழுந்து வந்து இந்தக் காகிதத்தின்மேல் படுத்துவிட்டது, அதனால் இதோடு நிறுத்துகிறேன். எனக்கு மூச்சு நன்றாக வருகிறது.

அம்மா